பழைய கம்ப்ரசர் வாங்கிப் பொருத்தும் முறை

நீர் குறைந்த ஆழ்துளைக் கிணறுகளில் கம்ப்ரசர் வைத்து நீர் இறைப்பது கொங்குப் பகுதி உழவர்கள் நன்கறிந்த முறையாகும். குழாய்க்குள் செலுத்தும் காற்று நீரோடு கலந்து, அதை இலேசாக்கி மேலே தள்ளுகிறது. கிணற்றுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் மணல் வந்தாலும் கெடுதல் குறைவு. ஆனால் மின்செலவு அதிகம். புதிய கம்ப்ரசரின் விலையைக் கருதிப் பழையதை வாங்க விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நன்று.

வாங்குமுன் சோதனை

முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல, காற்றுத் தொட்டியை. காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் தேங்கி, உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். மேலே பூசிய புது வண்ணம் இதை மறைத்துவிடும். அரித்த தொட்டி அழுத்தத்தில் வெடித்தால் அருகிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து. ஒட்டுப் பற்றவைத்த தொட்டியை வாங்க வேண்டாம். மற்றத் தொட்டிகளையும் முழுவதும் நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் பட்டறையில் சோதிக்கச் சொல்லவும். இச்சோதனையைக் காற்றைக் கொண்டு செய்வது அறவே கூடாது.

அடுத்து, காற்றின் அளவு. 200 லிட்டர் தொட்டியில் அழுத்தம் பூஜ்யத்திலிருந்து 5 கிலோவுக்கு ஏற 2 நிமிடம் ஆனால், நிமிடத்திற்குச் சுமார் 500 லிட்டர் காற்று கிடைக்கிறது எனலாம். 4 நிமிடம் ஆனால் கிடைப்பது பாதிதான். வெளிவரும் காற்றில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை படிந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த எண்ணெய் கிணற்று நீரிலும் கலக்கும்.

காற்றுக் குழாய் நீர்மட்டத்திற்குக் கீழ் 50 மீட்டர் இறங்கியிருந்தால், நீரை முதலில் தள்ளச் சுமார் 5 கிலோ அழுத்தம் வேண்டும். உங்கள் கிணற்றுக்கு ஏற்ற இயந்திரமா என்பதை இவ்வாறு கணக்கிட்டுக் கொள்ளவும்.

பொருத்துதல்

காற்றோட்டமுள்ள கொட்டகையில், சமமான சிமெண்டு மேடையில் போல்ட்டு கொண்டு இறுக்கவும். பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி இன்றியமையாதது. பாதுகாப்பு வால்வுக்கும் தொட்டிக்கும் இடையே அடைப்பு வால்வு எதுவும் இருக்கலாகாது. அந்த வால்வைக் கம்பியால் கட்டி வைப்பது வெடிகுண்டைக் கட்டி வைப்பதற்குச் சமம்.

மின் இணைப்பு

இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்கவும். மோட்டாரின் குதிரைத்திறன் கூடுவதாயின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பெற வேண்டும். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரின் ரிலேயை மோட்டார்த் தகட்டிலுள்ள ஆம்பியருக்கு வைக்கவும். அடிக்கடி நின்றுவிடுகிறதென்று ரிலேயைக் கூட்டி வைத்தால் காயில் கருகிவிடும். ஒருமுனை மின்சாரம் நின்றால் மோட்டாரை நிறுத்தும் தடுப்பானும் தேவை. இருமுனை மின்சாரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்ட வேண்டாம்.

மோட்டார் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் கொடுக்கவும். 40 மி.மீ. விட்டமுள்ள நாகம் பூசிய இரும்புக் குழாயை 2.5 மீட்டர் ஆழத்தில் புதைத்து, அவ்விடத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஈரத்தில் வெறுங்காலுடன் ஸ்டார்ட்டரைத் தொடும் உழவருக்கு இதுவே காப்பு.

சக்கரத்தின் விசிறி கம்ப்ரசர் தலையின் மீது காற்று வீச வேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால் மின்சாரத்தை நிறுத்தி, மும்முனைகளில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைக்கவும்.

அன்றாடப் பராமரிப்பு

நாள்தோறும் தொட்டியிலுள்ள நீரை வடிக்கவும். எண்ணெய் மட்டம் பார்க்கவும். மின்சாரம் நின்று வந்தால், தொட்டிக் காற்றை வெளியேற்றிய பின்னரே மீண்டும் ஓட்டவும்.

பழைய கம்ப்ரசரில் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியைத் தொட்டிச் சோதனைக்கும், வால்வுக்கும், எர்த்துக்கும் ஒதுக்குங்கள். அப்போதுதான் அது உண்மையான சேமிப்பாகும்.