கடவுச்சொல் கேட்காமல் திறக்குமா கறுப்புத் திரை?

கேள்வி: கடையில் உபுண்டு சர்வர் போட்ட கணினி இருக்கிறது. வெறும் எழுத்துத் திரைதான். கரண்ட் போய் வரும்போதெல்லாம் யாராவது கடவுச்சொல் தட்டினால்தான் பில் போடும் நிரல் ஓடுகிறது. தானாக உள்நுழைய வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தத் திரையில் பெயர் கேட்டு நிற்பது ஏகெட்டி என்ற சிறு நிரல். அதற்கு 'ஆட்டோலாகின்' என்றொரு விருப்பம் இருக்கிறது. அதோடு பயனர் பெயரைக் கொடுத்துவிட்டால் எதையும் கேட்காது.

2015-இல் வந்த உபுண்டு 15.04 முதல் இதையெல்லாம் தொடங்கி வைப்பது சிஸ்டம்டி. 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளையால் டிடிஒய்1 எனப்படும் முதல் எழுத்துத் திரைக்கான கெட்டி சேவையைத் திறங்கள். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். உங்கள் மாற்றம் தனிக் கோப்பில் சேரும். 'சர்வீஸ்' தலைப்பின் கீழ் 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியை இரண்டு முறை எழுத வேண்டும். முதல் வரியில் சமக்குறிக்குப் பின் ஒன்றுமே இருக்கக்கூடாது. அடுத்த வரியில்தான் ஏகெட்டி கட்டளை. பலரும் தடுக்கி விழுவது இந்த வெற்று வரியில்தான். அதை விட்டால் பழைய கட்டளை அழியாது. ஒரே சேவைக்கு இரண்டு தொடக்கக் கட்டளைகளா என்று சிஸ்டம்டி மறுத்துவிடும்.

வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வருவோருக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கடையில் விசைப்பலகையைத் தொடும் எவரும் உங்கள் கோப்புகளைத் திறந்துவிடலாம். ரூட் பெயரில் மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பில் நிரல் திரையும் விசைப்பலகையும் கேட்காமல் பின்னணியில் ஓடக்கூடியது என்றால், உள்நுழைவே தேவையில்லை. அதையே ஒரு சிஸ்டம்டி சேவையாக எழுதிவிடுங்கள். முதலில் அதை முயன்று பாருங்கள்.