ஓவனுக்குள் பீங்கான்: ஸ்டோன்வேர் பாத்திரம் உடையாமல் உழைக்க

ஓ.டி.ஜி. ஓவன் வாங்கியவர்கள் கேக் டின்னுக்கு அடுத்தபடியாக ஆசைப்பட்டு வாங்குவது, ஸ்டோன்வேர் என்று கடையில் விற்கும் கனமான பீங்கான் பாத்திரம். 1200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு எரியும் சூளையில் வெந்து, களிமண் கல்லைப் போல இறுகிய பாத்திரம் இது. வீட்டு ஓவனின் 200 டிகிரியெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியிருந்தும் முதல் மாதத்திலேயே விரிசல் விட்டு வருத்தப்படுகிறவர்கள் நிறைய. சூடு இதை உடைப்பதில்லை, திடீர் மாற்றம்தான் உடைக்கிறது. ஒரு பக்கம் சூட்டில் விரியும்போது மறுபக்கம் குளிர்ந்து சுருங்கினால், வளைந்து கொடுக்கத் தெரியாத பீங்கான் பிளந்துவிடும். கீழே உள்ள குறிப்புகளில் பாதி இதை மனதில் வைத்து எழுதியவை.

1. வாங்கும்போது பாத்திரத்தை உள்ளங்கையில் தாங்கி, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கக்கூடும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிய வழக்கம்தானே, கடைக்காரர் முன் கூச்சம் வேண்டாம். ஓவனில் வைக்கலாம் என்ற குறிப்பு அடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அலங்காரத்துக்காகச் செய்த பீங்கானிலும், எங்கே செய்தது என்று தெரியாத பழைய பீங்கானிலும் மெருகில் ஈயம் இருக்கலாம். புளி, எலுமிச்சை, தக்காளி பட்டால் அந்த ஈயம் உணவில் இறங்கும். அவை அலமாரியில் அழகாக இருக்கட்டும், அவற்றில் சமைக்க வேண்டாம்.

2. கடைக்குப் போகும் முன் ஓவனின் உள்ளளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பாத்திரத்தின் நீளத்தைக் கைப்பிடியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் சூடான காற்று சுழலும்.

3. வெறும் பாத்திரத்தை ஓவனில் வைத்துச் சூடேற்றாதீர்கள். பீட்சா கல்லை ஓவனோடு சேர்த்துச் சூடாக்குவதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. பெரிய பாத்திரத்தின் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் காய்கறியைப் போட்டு வைப்பதும் தவறு. உணவு உள்ள இடம் ஈரத்தால் சூடு குறைந்திருக்க, வெறும் இடம் காய்ந்து சுடும். அடி முழுக்கப் பரவும் அளவுக்கு உணவு இல்லையென்றால் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

4. பெரும்பாலான விரிசல்களுக்குப் பிறப்பிடம் ஃப்ரிட்ஜ்தான். மாலை விருந்துக்குக் காலையிலேயே மக்ரோனி கலந்து, பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்து, அப்படியே எடுத்துச் சூடான ஓவனில் தள்ளினால் பீங்கான் தாங்குவது கடினம். கலவையை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஸ்டோன்வேர் வெளியிலேயே இருக்கட்டும். பேக் செய்வதற்குச் சற்று முன் கலவையை எடுத்து, சில்லிப்பு கொஞ்சம் விட்டதும் மாற்றுங்கள். ஃப்ரீசர் பட்டாணியும் உறைந்த பன்னீரும் இதே ரகம். உறைபனி விலகிய பிறகே சேர்க்க வேண்டும்.

5. ஓவனிலிருந்து எடுத்த பாத்திரத்தை நேராகச் சமையல் மேடையில் வைக்காதீர்கள். கிரானைட் குளிர்ந்த கல், அடிப்பாகத்தின் சூட்டைச் சட்டென்று இழுத்துவிடும். மேடையில் ஈரம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மரப்பலகை, நான்காக மடித்த உலர்ந்த துண்டு, வீட்டில் இருந்தால் பழைய பிரிமணை, இவற்றில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு ஓவனைத் திறங்கள். ஈரமான கரித்துணியால் பிடித்தால் துணிக்குள் நீராவி கிளம்பிக் கை வெந்துவிடும், பாத்திரத்துக்கும் கேடு. இடுக்கி வேண்டவே வேண்டாம். இந்தக் கனத்தை அது தாங்காது, விளிம்பின் மெருகும் பெயரும். தடிமனான ஓவன் கையுறைதான் சரி.

6. பாதி வெந்த பதார்த்தம் வறண்டு தெரிந்தால் வெந்நீரோ சூடான பாலோ மட்டும் ஊற்றுங்கள்.

7. கேஸ் அடுப்பிலும் இண்டக்‌ஷனிலும் இதை ஏற்றாதீர்கள். தாளிப்பு, வதக்கல் எல்லாம் வாணலியில் முடியட்டும். மேல்கம்பி மட்டும் எரியும் கிரில் முறையில் கம்பிக்கு நெருக்கமாக வைப்பதும் கூடாது. நடுத்தட்டே இதற்கு உரிய இடம்.

8. அலுமினிய டின்னுக்கு எழுதிய செய்முறையை இதில் செய்தால் ஐந்து முதல் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஸ்டோன்வேர் மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை எளிதில் விடாது. வெளியே எடுத்த பிறகும் உள்ளே வேகும் என்பதால், நடுப்பகுதி லேசாகத் தளதளவென்று இருக்கும்போதே புட்டிங்கை எடுத்துவிடலாம். மொறுமொறு பிஸ்கட்டுக்கு இது ஏற்றதில்லை. நிதானமாக வேக வேண்டியவற்றுக்கு இதை மிஞ்ச ஆள் கிடையாது.

காய்கறி பிரியாணிக்குத் தம் போட்டுப் பாருங்கள். பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் அலசித் துடைத்து, நெய் தடவி, முக்கால் பதம் வெந்த அரிசியையும் மசாலாவையும் அடுக்கி, அலுமினியத் தாளால் விளிம்பை இறுக்கி மூடுங்கள். 160 டிகிரியில் அரை மணி நேரம் போதும். சாதம் அடிப்பிடிக்காது, குழையாது, பந்தி முடியும்வரை ஆறாது. இலங்கையில் தேங்காய்ப்பாலும் கித்துல் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து ஆவியில் அவிக்கும் வட்டலப்பமும் இதில் அழகாக வரும். பெரிய தட்டில் பாதி உயரத்துக்கு வெந்நீர் விட்டு, அதற்குள் பாத்திரத்தை வைத்து, மிதமான சூட்டில் வேகவிடுங்கள்.

9. மைக்ரோவேவில் வைக்கலாமா என்ற சந்தேகத்துக்கு வீட்டிலேயே சோதனை உண்டு. தங்கக்கரை, வெள்ளிக்கரை போட்டவற்றை இதிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். வெறும் பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சுட்டுப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பாத்திரம் சுட்டால் வேண்டாம்.

10. எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். உணவு படாத விளிம்பில் அது காய்ந்து பிசினாக ஒட்டிக்கொள்ளும். வெண்ணெயோ நெய்யோ விரலால் தொட்டு மூலைமுடுக்கெல்லாம் தடவினால் போதும்.

11. சாப்பிட்டு முடிந்ததும் குழாயடியில் நீட்டிவிடாதீர்கள். முழுதும் ஆறட்டும். பிறகு வெதுவெதுப்பான நீர் ஊற்றி ஊறவைத்தால் ஒட்டியிருப்பது பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும். விடாப்பிடியான கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் மூடி ஓர் இரவு விட்டு, மறுநாள் தேங்காய் நாரால் தேயுங்கள். ஸ்டீல் நார் மெருகைக் கீறும். கீறிய இடத்தில் அடுத்தமுறை இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

12. உள்ளே பென்சில் கோடு போலச் சாம்பல் வரிகள் தெரிகின்றனவா? பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது விரிசலாக இருக்காது. ஸ்டீல் கரண்டியும் கத்தியும் உரசி விட்டுப்போன உலோகப் பூச்சு. சோடாப் பசையால் தேய்த்தால் மங்கும். மர அகப்பையால் பரிமாறினால் வராது.

13. மஞ்சள் கறைக்கு வெயிலே மருந்து. கழுவி ஓரிரு நாள் வெயிலில் வையுங்கள், மஞ்சளின் நிறம் வெளிறிவிடும். மெருகின் மேல் சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகளில் மட்டும் மஞ்சள் தங்கினால், மெருகு வெடித்திருக்கிறது. அந்தக் கோடுகள் வழியே எண்ணெயும் ஈரமும் உள்ளே போகும், நாளடைவில் வாடை வரும். அந்தப் பாத்திரத்துக்குச் சமையலிலிருந்து ஓய்வு கொடுங்கள்.

14. பாத்திரத்தின் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து நாம் கத்தி தீட்டுவது இந்த இடத்தில்தான். அங்கே நீர் ஊறினால் லேசில் காயாது. அந்த ஈரத்தோடு ஓவனுக்குள் போனால் நீராவியாகி உள்ளிருந்தே தள்ளும். கழுவியதும் கவிழ்த்து வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே எடுத்து வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது நடுவே செய்தித்தாளோ துணியோ இடுங்கள். இல்லையேல் மேலே உள்ளதன் வளையம் கீழே உள்ளதன் மெருகைத் தின்றுவிடும்.

15. மெருகே இல்லாத ஸ்டோன்வேர் தட்டு என்றால் சோப்பு போடாதீர்கள், அதன் வாசனை உள்ளே ஏறிவிடும். மரக்கரண்டியால் சுரண்டி, வெந்நீரில் அலசினால் போதும். நாள்பட்டுக் கறுப்பது எண்ணெய் படிந்து பதமாவதன் அடையாளம், தேய்த்து வெளுக்க வேண்டாம்.

16. விரிசல் விழுந்துவிட்டால் பசை போட்டு ஒட்டி மறுபடி ஓவனில் வைக்காதீர்கள். பசை சூட்டில் இளகும், அது உணவோடு சேரக்கூடாது. சூடான குழம்போடு கையிலேயே பிளக்கும் ஆபத்தும் இருக்கிறது. துளசித் தொட்டிக்கு அடித்தட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.