மணிக்கட்டா, மார்பா?

எந்த ஃபிட்னஸ் பேண்டின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் முதல் நாலைந்து வரிகளுக்குள் ‘ஹார்ட் ரேட்’ இருக்கும். மூவாயிரம் ரூபாய் பேண்டே காலடி, தூக்கம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் காட்டுகிறது. அப்படியிருக்க, துடிப்பை மட்டுமே காட்டும் நெஞ்சுப்பட்டைக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பானேன்? நியாயமான கேள்விதான். துடிப்பு எண்ணைப் பார்த்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பவருக்கு வேண்டிய கருவி வேறு. ராத்திரி படுக்கப் போகுமுன் ‘இன்றைக்கு எவ்வளவு நடந்தோம்’ என்று பார்ப்பவருக்கு வேண்டியது வேறு.

நெஞ்சுப்பட்டை ஈசிஜி எடுப்பதைப் போலத்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தில் எழும் மின்சைகையை, பட்டையின் உட்புறத்திலுள்ள மின்முனைகள் தோலிலிருந்து பிடித்து ப்ளூடூத் வழியாகப் போனுக்கோ வாட்சுக்கோ அனுப்புகின்றன. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல், கம்பி இல்லாமல் உடலில் அணிந்துகொள்ளும் துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அடிப்படை பெரிதாக மாறவில்லை.

பேண்ட் பார்ப்பது ரத்தத்தை. அதன் அடியில் மினுக்கும் பச்சை விளக்கைக் கவனித்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பேண்ட் எண்ணுகிறது. கை அதிகம் குலுங்காதவரை இது அழகாக நடக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் ஒரே சீராக நடக்கும்போதும் பேண்ட் சொல்வதை நம்பலாம்.

ஓட ஆரம்பித்தால் கதை மாறும். வார் சற்றுத் தளர்ந்திருந்தால் வெளிச்சம் உள்ளே புகும், பேண்ட் குதிக்கும். அந்தக் குதிப்பும் ஒரு தாளத்தில் வருவதால், காலடி எது, துடிப்பு எது என்று கருவி சில சமயம் குழம்பிப் போகும். மெதுவாக ஓடுபவரின் காலடி நிமிடத்துக்கு 160-ஐ ஒட்டி இருக்கும். இதயம் 130-இல் சுகமாக அடித்துக்கொண்டிருக்க, திரை 162 என்று பயமுறுத்தும். நீங்களோ மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நிமிடம் வேகமாக, ஒரு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓடும் பயிற்சியில் இன்னொரு சங்கடம்: துடிப்பு ஏறி இறங்கிய பிறகுதான் பேண்ட் எட்டிப் பிடிக்கும். ஜிம்மில் தண்டாலும் டம்பெல்லுமாக மணிக்கட்டை மடக்கி இறுக்கும் வேலைகளிலும் அது தடுமாறும்.

இதற்காகப் பேண்டை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத் துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் காட்டின. ஆனால் கலோரிக் கணக்கில் ஏழும் கவிழ்ந்தன. இருப்பதில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். ‘300 கலோரி எரித்தாயிற்று’ என்று பேண்ட் சொன்னதை நம்பி இன்னொரு நெய் ரோஸ்ட் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கருவிகள் முன்னேறிவிட்டன என்பார்கள். இருக்கட்டும், கலோரியை நம்பி மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

காலடிக் கணக்கும் முழு உண்மை இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை அசையாது, காலடி குறைந்து பதிவாகும். சைக்கிள் மிதிப்பதற்குக் காலடிக் கணக்கில் இடமே இல்லை. பத்தாயிரம் என்ற இலக்கும் மருத்துவர்கள் கூடி முடிவு செய்ததல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நிமிடக் கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு.

அந்த 150 நிமிடத்தை எட்டுவதுதான் உங்கள் கவலை என்றால் பேண்டே போதும். நேற்றைவிட இன்று குறைவாக நடந்தோம் என்பதைச் சொல்ல துல்லியமான துடிப்பு தேவையில்லை. ஓய்வுத் துடிப்பு மாதக்கணக்கில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கும் அதுதான் தோது. நெஞ்சில் பட்டையைக் கட்டிக்கொண்டு யார் தூங்குவார்கள்? அப்பா அம்மாவுக்கு வாங்கித் தருவதென்றால் யோசிக்கவே வேண்டாம், பேண்ட்தான். எழுத்து பெரிதாகத் தெரிகிற திரை, வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்கிற பேட்டரி, இந்த இரண்டையும் பாருங்கள்.

மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள், துடிப்பு மண்டலம் (உச்சத் துடிப்பை வைத்துப் பிரிக்கும் துடிப்பு வரம்பு) வைத்துப் பயிற்சி செய்கிறவர்கள், ஈசிஆர் சாலையில் விடியலில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் நெஞ்சுப்பட்டை வாங்கலாம். ஒன்று மட்டும்: மண்டலத்தைத் தீர்மானிக்கும் உச்சத் துடிப்பே தோராயமானது. 220-இல் வயதைக் கழித்தால் அறுபது வயதுக்காரருக்கு 160. வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கும் இன்னொரு வாய்ப்பாட்டில் 166. ஆளுக்கு ஆள் இதைவிடப் பெரிய வித்தியாசமே இருக்கும். வாய்ப்பாட்டை நம்பி மண்டலம் போட்டுவிட்டு, பட்டையின் துல்லியத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

பட்டையோடு வாழ்வதிலும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. மின்முனைகளைக் குழாயடியில் நனைத்து, மார்பெலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டிக் கட்ட வேண்டும். உலர்ந்த தோலில் முதல் சில நிமிடம் கண்டபடி எண் காட்டும். நம் ஊர் வியர்வையில் சீக்கிரமே சரியாகிவிடும். அதே வியர்வையின் உப்பு படிந்து வார் கெடும் என்பதால், ஓடி முடித்ததும் நடுவிலுள்ள கருவியைக் கழற்றிவிட்டு வாரை அலசிக் காயப்போட வேண்டும். கழற்றாமல் ஈரத்தோடு விட்டால் பேட்டரியும் வீணாகும். புடவையோடு நடைக்குப் போகிற பெண்களுக்கு மார்பில் பட்டை கட்டுவது எரிச்சல்தான். அவர்களுக்கும், நெஞ்சில் இறுக்கிக் கட்டினாலே பிடிக்காதவர்களுக்கும், மேற்கையில் மாட்டும் ஒளிப்பட்டை நல்ல நடுவழி. அதுவும் ஒளியால் அளப்பதுதான். ஆனால் மேற்கை மணிக்கட்டைப் போல மடங்கி ஆடாததால் எண் நிலையாக வரும்.

கையில் ஏற்கெனவே பேண்ட் இருக்கிறது, பட்டையை அதோடு இணைக்கலாம் என்று நினைப்பவர்கள் வாங்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: வெளிச் சென்சாரை உங்கள் பேண்ட் ஏற்குமா? விலை குறைந்த பேண்டுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அப்போது பட்டையைப் போன் செயலியோடு இணைத்து, போனையும் சுமந்துகொண்டு ஓட வேண்டியதுதான். ஓட்டத்துக்கென்றே வரும் வாட்சுகள் பெரும்பாலும் ஏற்கும்.

இதய நோய் இருப்பவர்கள் விஷயம் தனி. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பையே தாழ்த்தி வைக்கும்; வயதைக் கழிக்கும் வாய்ப்பாடு இவர்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு வரை போகலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் நெஞ்சுப்பட்டை கட்டுமுன்பும் அவரைக் கேட்டுவிட வேண்டும். விரல் வைத்து ஈசிஜி எடுக்கும் வாட்ச் கையில் இருந்தாலும் மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. ஆப்பிள் நிறுவனமே தன் வாட்சைப் பற்றி அப்படித்தான் சொல்கிறது. நெஞ்சு வலித்தால் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எதை வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பத்து நிமிடம் ஓடிவிட்டு நில்லுங்கள். நின்ற கணத்தில் திரையில் இருந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டு நாடியில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றவுடனே துடிப்பு இறங்கத் தொடங்கும் என்பதால் ஐந்தாறு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. முப்பது, நாற்பது என்று வந்தால், பேண்டாக இருந்தால் வாரை ஒரு துளை இறுக்கி, மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல்கடை மேலே தள்ளி மாட்டி மறுபடி ஓடிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், பில்லோடு கடைக்குப் போய்விடலாம்.