பத்து யூரோவுக்குள் ஒரு பாட்டில்

சார்செல்

அன்புள்ள இளங்கோவுக்கு,



அலுவலக நண்பர்கள் மாதம் ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவதாகவும், இந்த முறை ரெட் ஒயின் வாங்கிவரும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். கடையில் சுவர் முழுக்க பாட்டில் அடுக்கியிருக்க, எதை எடுப்பது, எடுத்ததைப் பற்றி மேசையில் என்ன பேசுவது என்று கேட்டிருந்தாய். லியோனில் பல வருஷம் சமையற்கட்டில் நின்றவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வை. குடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எந்த மேசையிலும் கிடையாது. "எனக்குத் தண்ணீர் போதும்" என்று சிரித்தபடி சொன்னால் பிரான்ஸில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பழகிக்கொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் குடிக்கிறவன், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நிற்பான். ருசி பார்க்க உனக்கே ஆசை இருந்தால் மேலே படி.

ஒயினைத் தனியாகக் குடித்துப் பார்த்து மதிப்புப் போடாதே. விலை குறைந்த ஒயினுக்கு இது இன்னும் பொருந்தும். அது தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்குத் துணையாகச் செய்யப்பட்டது. எதோடு குடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஒயின் நல்லதாகவும் இருக்கும், நாக்கைக் கட்டிப்போடுவதாகவும் இருக்கும். அதனால் கடைக்குப் போகும் முன், வீட்டுக்காரரிடம் என்ன சமையல் என்று கேட்டுக்கொள்.

ஏன் என்பதை நீயே சோதித்துப் பார்க்கலாம். மலிவான போர்தோ ஒன்றை வாங்கு. கபெர்னே சொவிஞோனும் மெர்லோவும் கலந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார். வாழைப்பூவைப் பச்சையாக மென்றதுபோல வறண்டு, துவர்க்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் அது. உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வழுவழுப்பை இழந்துவிடுகிறது. இப்போது கோந்தே சீஸ் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு அதே ஒயினை மறுபடி குடி. துவர்ப்பு பாதியாகக் குறைந்து, பழத்தின் வாசனை முன்னால் வரும். சீஸின் புரதமும் கொழுப்பும் டானினை வாங்கிக்கொள்கின்றன, உப்பு கசப்பை அடக்குகிறது. மாட்டிறைச்சி வறுவலோடு இந்த மாதிரி ஒயினை பிரெஞ்சுக்காரர்கள் ஏன் வைக்கிறார்கள் என்பது அந்த இரண்டாவது வாயில் விளங்கிவிடும்.

இதே ஒயினை நம் வீட்டு ஆட்டுக்கறிக் குழம்போடு வைத்தால் கதை கந்தல். மிளகாய் நாக்கில் எந்த வெப்ப உணர்வைக் கிளப்புகிறதோ, அதையே ஆல்கஹாலும் கிளப்பும். இரண்டும் சேர்ந்தால் வாய் எரியும், துவர்ப்பும் கூடவே ஏறும். ஆகவே காரமான சாப்பாட்டுக்கு மூன்று விஷயம் பார்: டானின் குறைவாக இருக்கவேண்டும், ஆல்கஹால் குறைவாக இருக்கவேண்டும், பழ வாசனை தூக்கலாக இருக்கவேண்டும். ஆல்கஹால் அளவு பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கும். 12.5 சதவீதம் என்றால் எடு. 14.5 என்றால் காரச் சாப்பாட்டுக்கு வேண்டாம், அலமாரியிலேயே வைத்துவிடு.

நீ இருக்கும் லியோன் இதற்கு வாகான ஊர். லியோனுக்கு வடக்கே போஜோலே, தெற்கே ரோன் பள்ளத்தாக்கு. ரோன், சோன் என்று இரண்டு ஆறுகளோடு மூன்றாவது ஆறாக போஜோலேயும் லியோனுக்குள் ஓடுகிறது என்று ஊர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். போஜோலேயில் விளையும் சிவப்புத் திராட்சை கமே. 1395ல் பூர்கோஞ் பிரபு பிலிப், இது மட்டமான செடி, பிடுங்கி எறியுங்கள் என்று ஆணை போட்டார். அவர் நிலத்தில் மதிப்பிழந்த செடி, தெற்கே போஜோலேயின் கிரானைட் மண்ணில் நன்றாக ஊன்றிக்கொண்டது. அங்கே குலையை உதிர்க்காமல் அப்படியே மூடிய தொட்டியில் போடுகிறார்கள். கரியமிலவாயு சூழ்ந்த நிலையில் பழத்துக்குள்ளேயே நொதிப்பு தொடங்குவதால் நிறமும் வாசனையும் இறங்குகின்றன, டானின் அதிகம் இறங்குவதில்லை. அதனால்தான் கமே காரத்துக்கும் ஒத்துப்போகிறது, பொரித்த கோழிக்கும் ஒத்துப்போகிறது. 'போஜோலே விலாஜ்' என்று எழுதிய பாட்டில் பெரும்பாலும் பத்து யூரோவுக்குள் அடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால் புரூயி, மொர்கோன் போன்ற இடப் பெயர் போட்டதை எடு. நவம்பர் மூன்றாவது வியாழனன்று ஆரவாரமாக வரும் புது ஒயினை ஒரு வேடிக்கைக்குக் குடித்துப் பார்க்கலாம். அதை வைத்து போஜோலேயை எடை போட்டுவிடாதே.

கமேயைக் குடிக்கும் முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வை. ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்ற பேச்சு, வீடுகளுக்குள் ஹீட்டர் வராத காலத்துப் பேச்சு. 22, 23 டிகிரியில் எந்த மலிவு ஒயினும் சாராய நெடிதான் அடிக்கும்.

தெற்கே போனால் கோத் துய் ரோன். கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் என்று பல திராட்சைகள் கலந்தது. வாயில் கனம், ஆல்கஹாலும் கூடுதல். சுட்ட இறைச்சி, பருப்போடு வேகவைத்த சாசேஜ் போன்றவற்றுக்குப் பொருத்தம். சிராவில் மிளகு வாசனை வருகிறது என்று யாராவது சொன்னால் சும்மா அளக்கிறார் என்று நினைக்காதே. ரோட்டன்டோன் என்ற பொருள்தான் அதற்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008ல் கண்டு சொன்னார்கள். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகின் வாசனையிலும் அதே பொருள்தான் இருக்கிறது. நம் ஆள் மூக்குக்கு இது பெரும்பாலும் தப்பாது.

இன்னும் காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் லாங்தோக் பக்கம் பார். கொர்பியேர், மினெர்வுவா இரண்டும் நல்ல வெயில் பட்ட நிலம். பெரிய பெயர் இல்லாததால் நிலத்தின் விலையும் குறைவு, பாட்டில் விலையும் குறைவு. மலிவு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ஒரு புதிய ஓக் பீப்பாய் பல நூறு யூரோ. அதில் பிடிப்பது 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். பீப்பாயில் ஊறாத ஒயினுக்கு அந்தச் செலவு இல்லை. தினசரிச் சாப்பாட்டுக்கு ஓக் வாசனை வேண்டியதும் இல்லை. இப்படிப்பட்ட ஒயினைப் பத்து வருஷம் பூட்டி வைக்காதே. வாங்கிய இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடித்து முடிக்கவே அதைச் செய்கிறார்கள்.

தக்காளி சாஸ் ஊற்றிய பாஸ்தா, பீட்சா என்றால் புளிப்பு உள்ள ஒயின்தான் வேண்டும். சாப்பாட்டின் புளிப்புக்கு முன்னால் புளிப்பில்லாத ஒயின் சப்பென்று போய்விடும். கமே தாங்கும், இத்தாலியின் பார்பேரா இன்னும் நன்றாகத் தாங்கும். புளிக்குழம்புக்கும் இதே கணக்குதான். மீன் என்றால் ரெட் ஒயினைத் தவிர்த்துவிடு. ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனோடு சேரும்போது கவிச்சி நாக்கில் தங்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009ல் காட்டினார்கள். பாயசம், கேக் பக்கமே கொண்டுபோகாதே. இனிப்புக்குப் பிறகு இனிப்பில்லாத எந்த ரெட் ஒயினும் கசந்துபோகும்.

பாட்டிலில் ஒட்டிய சீட்டைப் படிக்கப் பழகு. ஏ.ஓ.பி. என்றால் குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட திராட்சை, குறிப்பிட்ட முறை என்று விதி இருக்கிறது. ஐ.ஜி.பி. என்றால் விதி தளர்வு, பரப்பு பெரியது. இரண்டுமே எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் சாட்சி, ருசிக்கு அல்ல. பண்ணையிலேயே பாட்டிலில் அடைத்தது என்று எழுதியிருந்தால், விளைவித்தவரே அதற்குப் பொறுப்பேற்கிறார் என்று எடுத்துக்கொள். தங்கப் பதக்க ஸ்டிக்கரையும் கனத்த பாட்டிலையும் பார்த்து மயங்காதே. கண்ணாடியின் எடைக்கும் நீ காசு கொடுக்கிறாய்.

இனி பேசும் விஷயம். ஒயினைப் பற்றிப் பெரிய வார்த்தை பேசுகிறவரைக் கண்டு மிரளாதே. 2001ல் போர்தோவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒயின் படிப்புப் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை ரெட் ஒயினுக்குரிய வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். படித்தவர் மூக்கையே கண் ஏமாற்றுகிறது என்றால், விலைச்சீட்டும் பெயரும் நம்மை எவ்வளவு ஏமாற்றும்! அதனால் நண்பர்கள் கூடும்போது இரண்டு மூன்று பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, எண் மட்டும் போட்டு வைக்கச் சொல். சாப்பாட்டின் நடுவே ஒவ்வொன்றாகச் சுவைத்துவிட்டுப் பேசுங்கள். எந்தக் கூட்டமும் இதில் களைகட்டிவிடும்.

பேசுவதற்கு நான்கைந்து கேள்வி போதும். புளிப்பு எப்படி, துவர்ப்பு எப்படி, வாயில் கனமா லேசா, மூக்குக்கு என்ன வருகிறது, இந்தச் சாப்பாட்டோடு சேர்த்தபின் கூடியதா குறைந்ததா. வாசனையைச் சொல்ல நீ தின்றே பார்க்காத காட்டுப்பழங்களின் பெயரைத் தேடாதே. நாவற்பழம், கிராம்பு, காய்ந்த திராட்சை, மழை பெய்த மண் என்று உனக்குப் பழகியதைச் சொல். "நாவற்பழம் என்றால் எப்படி இருக்கும்?" என்று அவர்கள் கேட்பார்கள், பேச்சு தானாக வளரும். அடுத்தவருக்குத் தோன்றியதைத் தப்பு என்று திருத்தாதே. கசப்பை உணரும் அளவே ஆளுக்கு ஆள் மாறும். வீட்டுக்காரர் ஊற்றிய ஒயினை அவர் முன்னால் குறை சொல்லவும் வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் கிளாஸைப் பாதியோடு வைத்துவிடு.

நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் மட்டும் சொல்லலாம். கார்க்கில் வந்த கோளாறு அது. விளைவித்தவர் மேலும் குற்றமில்லை, உன் மேலும் குற்றமில்லை. கடைக்காரரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் மாற்றித் தருவார். மீந்ததை மூடி ஃபிரிட்ஜில் வை, மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் ஆனால் கறி வேகவைக்கும் சட்டியில் ஊற்று.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். ஒயின் பெயர், வருஷம், விலை, என்ன சாப்பிட்டாய், மறுபடி வாங்குவாயா என்று ஐந்து வார்த்தை எழுது. வருஷக் கடைசியில் எந்தப் புத்தகமும் சொல்லாத ஒன்று அதில் இருக்கும். உன் நாக்குக்கு எது பிடிக்கும் என்பது.

கடைசியாக அளவு. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு விட்டுவிடு. எந்த அளவு மதுவும் ஆபத்தில்லாதது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. குடிப்பவர்களுக்கு பிரான்ஸின் பொதுச் சுகாதார அமைப்பு போட்டிருக்கும் வரம்பு: வாரத்துக்குப் பத்து கிளாஸ், ஒரு நாளுக்கு இரண்டு, அதுவும் தினமும் வேண்டாம். கிளாஸ் என்றால் 10 சென்டிலிட்டர். வீட்டில் ஊற்றும் கிளாஸ் பலசமயம் அதைத் தாண்டும், ஒரு தடவை அளந்து பார். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். வெறும் வயிற்றில் தொடாதே. உன் அம்மாவுக்கு இதை மறைக்க வேண்டாம், நானே அண்ணியிடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டோடு அளவாக இருக்கட்டும் என்றார்.

இந்தச் சனிக்கிழமைக்கு கோழி ரோஸ்ட் என்று எழுதியிருந்தாய். ஒரு போஜோலே விலாஜ் போதும். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடு. அவர்கள் வேறு ஒயின் முடிவு செய்து வைத்திருந்து உன் பாட்டிலை அன்று திறக்காவிட்டால் வருத்தப்படாதே, அது இங்கே வழக்கம்தான். திரும்பி வருவதையும் யோசி: வண்டி ஓட்டுவோர் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் இங்கே எல்லை. உன்னைப்போல் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2. ஒரே கிளாஸில் தாண்டிவிடலாம். காரை வீட்டில் வைத்துவிட்டு மெட்ரோவில் போ.

அன்புடன்,
சித்தப்பா