மாட்டியவரெல்லாம் எடுத்தவரா?

நிபந்தனை நிகழ்தகவு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் சிறுநீரை வாங்கி போதைப்பொருள் சோதனை செய்தால், நம் சோறே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சோதனை 95 சதவீதம் சரி என்று வைத்துக்குவோம். அதாவது போதைப்பொருள் எடுத்த 100 பேரில் 95 பேரைப் பிடிக்கும். எடுக்காத 100 பேரில் 95 பேரை விட்டுவிடும். அப்படின்னா மாட்டியவர் எடுத்திருக்கும் வாய்ப்பும் 95 சதவீதம்தானே?

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவிடம் சூத்திரம் செல்லாது. தலையை எண்ணித்தான் காட்டினேன். ஒரு ஆலையில் 2000 பேர். நிஜமாக எடுப்பவர்கள் 20 பேர். அதில் 19 பேர் மாட்டுவார்கள். மீதி 1980 பேரில் நூற்றுக்கு 5 வீதம், ஒரு பாவமும் அறியாத 99 பேரும் மாட்டுவார்கள். மொத்தம் 118. அதில் எடுத்தவர் 19. சுமார் 16 சதவீதம்தான்!

"அப்ப அந்த 99 பேர் கதி?" என்றார் அப்பா.

எடுத்தவர் மாட்டுவது வேறு, மாட்டியவர் எடுத்திருப்பது வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழி சொன்னவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவர் இறந்தபின் 1763-இல் கட்டுரை அச்சானது. அதே ஆலையில் 1000 பேர் எடுப்பவர்கள் என்றால் மாட்டுவது 950-ம் 50-ம். அங்கே 95 சதவீதம் சரியாகவே வரும்.

மறுபடி சோதித்தால் தீர்ந்ததா? கசகசா அரைத்த குருமா சாப்பிட்டவர் சிறுநீரில் மார்ஃபின் நிஜமாகவே இருக்கலாம். போதை எடுத்தார் என்பதுதான் பொய். இப்படிப்பட்டவர்கள் மாட்டியதால்தான், 1998-இல் அமெரிக்க அரசுப் பணிச் சோதனைகளில் அபின் வகைக்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு ஏற்றினார்கள்.