வல்லாரைப் பொடி மட்டும் போதுமா?

"வல்லாரைப் பொடி கொடுத்தா போதும், உடம்புல ஏறின விஷமெல்லாம் இறங்கிடும்" என்று சொல்லி விற்கிறார்கள். இது எவ்வளவு உண்மை? இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

காரீயம் என்ன செய்யும்?

பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடம், உதிரும் பழைய பெயிண்ட், பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்தில் கலப்படம், நிறத்துக்காக லெட் குரோமேட் சேர்த்த மஞ்சள்தூள் - இவற்றிலிருந்து காரீயம் உடம்புக்குள் போகிறது. பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் உடம்பு இதை 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சி பாதிக்கும், படிப்பில் கவனம் குறையும். பெரியவர்களுக்குக் கை நரம்பு தளர்ந்து மணிக்கட்டு தொங்கிப் போகலாம். ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது.

மூலிகை காப்பாற்றுமா?

வல்லாரை, மஞ்சள், பூண்டு இவற்றின் சத்தைப் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காரீயத்தால் நரம்பு கெடுவது ஓரளவு குறைந்தது. ஆனால் எலிக்குக் கொடுத்தது அளந்த சாறு. நம்ம பிள்ளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காரீயம் தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது பொடி மட்டும் கொடுப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரிதான்.

இன்னொன்று: சில பற்பம், செந்தூரங்களை உலோகத்தை வைத்தே செய்கிறார்கள். லேபிள் இல்லாத மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க.

நாம் செய்ய வேண்டியது

1. விரலி மஞ்சள் வாங்கி நாமே அரைப்போம். மசாலாப்பொடி தயாரிக்கும் குழுக்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவும். பளபளவென்று அளவுக்கு மீறிய மஞ்சள் நிறம் இருந்தால் வாங்க வேண்டாம்.
2. பேட்டரி வேலை செய்பவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கவும். அந்த உடையைத் தனியாகத் துவைக்கவும்.
3. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பில் காரீயம் அதிகம் ஏறும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், நெல்லிக்காய் கொடுங்கள். வெறும் வயிற்றோடு விளையாட விடாதீர்கள். வல்லாரையைத் துவையலாக, உணவாகச் சாப்பிடலாம்.
4. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதிக்கவும். 1 டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கூறியுள்ளது.

குழுக் கூட்டத்தில் பேச: நம் ஊரில் பேட்டரி உடைக்கும் இடம் உள்ளதா? அதன் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் விளையாடுகிறார்கள்?