ரசம் சோறும் சாப்பாடுதான்

சென்னையில் வேலை முடித்து, ரயிலில் நின்றபடியே வந்து விழுப்புரம் சந்திப்பில் இறங்குபவர்கள் வீடு சேர இரவாகிவிடும். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கி அங்கிருந்து டவுன் பஸ் பிடிப்பவர்கள் கதையும் அதேதான். அடுப்பங்கரை விளக்கைப் போடவே கை எழாது. அலைச்சல் மட்டும் காரணமில்லை. துக்க வீட்டில் நாட்கள் நகராமல் கிடப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் வெளியூர் போனபின் வெறிச்சோடிய வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள் உண்டு. அந்த நேரத்தில் சோறு பொங்கவிடாமல் தடுப்பவை பாதி உடம்பின் களைப்பு, பாதி நாம் காலங்காலமாகச் சொல்லிவைத்திருக்கும் சில பேச்சுகள்.

“குழம்பு, பொரியல், ரசம் மூணும் இருந்தாதான் சாப்பாடு”

அதிகம் கெடுதல் செய்வது இந்த நம்பிக்கைதான். கல்யாணப் பந்தியின் இலையை அன்றாடத்துக்கும் அளவுகோலாக வைத்துவிட்டோம். விழுப்புரம் மாவட்டத்தில் நிலத்தில் பாடுபட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காலையில் குடித்தது கூழ், பழைய சோறு. கடித்துக்கொள்ள ஒரு வெங்காயம், பச்சை மிளகாய், மோர் மிளகாய். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் ஊருக்கே ஊற்றுவதும் அதே கேழ்வரகுக் கூழைத்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. சாமிக்குப் படைக்கும் கூழை நம் வீட்டு இரவுக்கு மட்டும் குறைவென்று ஏன் நினைக்க வேண்டும்?

அரசின் காலை உணவுத் திட்டத்தையும் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. பிள்ளைகளுக்குப் போடுவது உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். வளரும் பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்க ஒரு சட்டி உப்புமா போதுமென்றால், ஓய்ந்துபோய் வந்த பெரியவருக்கும் அது போதும்.

ரசம் சோற்றில் சத்தில்லை என்ற பேச்சில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. வெறும் புளி ரசத்தில் புரதம் மிகக் குறைவு. தட்டோரம் ஒரு அவித்த முட்டை வைத்தால் அந்தக் குறை தீர்ந்தது.

“கஞ்சியெல்லாம் காய்ச்சக்காரங்களுக்கு”

தமிழ்நாட்டில் உளுந்து அதிகம் விளையும் மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அப்படிப்பட்ட ஊரில் உளுந்தங்கஞ்சியை நோயாளிக்கென்று ஒதுக்கிவைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதைவிடச் சுலபமான சமையல் எனக்குத் தெரியாது. அரை டம்ளர் நொய், கால் டம்ளர் தோல் உளுந்து. உளுந்தை மட்டும் குக்கரிலேயே வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். நொய்யைக் களைந்து அதோடு போட்டு, பத்துப் பல் பூண்டு, கால் ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஐந்து டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடிவிடலாம். கஞ்சி பொங்கும், குக்கரில் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. ஐந்து விசில் வந்ததும் அணைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். பிரஷர் தானாக அடங்கட்டும். திறக்கும்போது பூண்டு கரண்டி பட்டாலே கரையும் பதத்தில் இருக்கும். மரக்காணத்துக் கல்லுப்பு போட்டு மசித்து, தேங்காய் இருந்தால் துருவிப் போட்டு இறக்கினால் இரண்டு பேர் பசியாறலாம். அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. உளுந்து அதை ஈடுகட்டும்.

தொட்டுக்கொள்ள வேர்க்கடலைப் பொடி. கடலைக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள உறவு பழையது. இங்குள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ரகம், பக்கத்து மாநிலங்களிலும் பல பத்தாண்டுகள் பயிரானது. கடலையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம்; ஒரு கைப்பிடியில் ஒரு முட்டையளவு கிடைத்துவிடும். மனசும் உடம்பும் நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கடலை, காய்ந்த மிளகாய், உப்பை வறுத்துப் பொடித்து பாட்டிலில் போட்டுவையுங்கள். இரண்டு வாரம் தாங்கும். சுருங்கியது, பூசணம் பிடித்தது, கசப்பது எதையும் சேர்க்காதீர்கள். பூஞ்சை நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

“ஆறின சோத்தைச் சூடு பண்ணா விஷம்”

சூடாக்குவதில் விஷம் எதுவும் உண்டாவதில்லை. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வடித்த சோறு வெளியில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை விடும். அந்த நச்சு உருவாகிவிட்டால் பிறகு சூடு பண்ணியும் போகாது. ஆகவே பார்க்க வேண்டியது, சோறு எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதைத்தான். இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்த சோற்றை மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கித் தாராளமாகச் சாப்பிடலாம். பழைய சோற்றுக்கும் ஆறியவுடனே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். அதில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாதான் அந்த இதமான புளிப்பைத் தருகிறது. சித்திரை வெயிலில் காலையிலேயே குடித்து முடித்துவிடுங்கள். நூல் விட்டாலோ நாற்றம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

“ஒருத்திக்கு இன்னாத்துக்கு அடுப்பு பத்த வெச்சிக்கினு?”

நான்கு பேர் இருந்த வீட்டில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது வரும் பேச்சு இது. டீயும் ரொட்டியுமாகவே ஓடும் நாட்கள் வயதானவர்களைச் சீக்கிரம் தளர்த்திவிடும். கடை மாவு ஒரு பாக்கெட், இரண்டு தோசை, அந்தக் கடலைப் பொடி. பிரிட்ஜில் வைத்த மாவு மெதுவாகப் புளிக்குமே தவிர, உடனே கெட்டுவிடாது.

“மனசு சரியானா தானா சமைப்பா. இப்போ வெறும் சோம்பேறித்தனம்”

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. மனச்சோர்வுக்கான சிகிச்சையில், மனநிலை மாறும்வரை காத்திராமல் சின்னச் சின்ன வேலைகளை முதலில் செய்யவைக்கும் முறை ஒன்று உண்டு. செய்யச் செய்ய மனம் பின்னால் தேறிவரும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கஞ்சிக்கு உளுந்து வறுப்பதும் அப்படியொரு வேலையாக இருக்கலாம். ஆனால் எழுந்திருக்கவே முடியாமை, பசியின்மை, தூக்கக் கேடு, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அவரைச் சோம்பேறி என்று சொல்வது கொடுமை. அது நோயாக இருக்கலாம். கஞ்சி அதைத் தீர்க்காது. மருத்துவர் பார்க்க வேண்டும்.

14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசகர்கள் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசுகிறார்கள். நேரில் போக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாகப் போகச் சொல்லாதீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் அன்றைக்கு லீவு போட்டுக் கூடவே போங்கள். அதுவரை இரண்டு வேளை ரசம் சோற்றை நீங்களே பிசைந்து கொடுங்கள்.